மூடிக் கிடந்த வளைகள்: கொல்லைச் சம்பங்கியை வரப்பெலியிடமிருந்து காத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில், தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் உள்ள வீடு. பின்னால் 8 சென்ட் கொல்லை. கொல்லையின் மேற்கு எல்லையை ஒட்டிச் சிறிய பாசன வாய்க்கால் ஓடுகிறது. அதைத் தாண்டினால் இன்னொருவரின் சம்பா வயல். எல்லையில் சுவர் இல்லை, ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு ஒரு பழைய வரப்பு மட்டும்தான். வரப்பின் மேல் காய்ந்த தென்னை மட்டை அடுக்கி வைத்திருந்தார்கள்.

வீட்டில் வயதான தம்பதி, மகன், மருமகள், நான்கு வயதுப் பேத்தி. ஒரு நாயும் ஏழெட்டுக் கோழிகளும் உண்டு. கொல்லையைப் பார்த்துக்கொள்வது வீட்டு அம்மா.

ஜூலையில் அவர் இரண்டு பாத்திகளில் பிரஜ்வல் ரகச் சம்பங்கி நட்டார். ஒவ்வொரு பாத்தியும் 10 அடி நீளம், 3 அடி அகலம். மூன்று வரிசை, வரிசைக்கு 15 கிழங்கு, ஆக ஒரு பாத்திக்கு 45, மொத்தம் 90. பக்கத்தில் ஒரு பாத்தியில் சக்கரவள்ளி. வாய்க்கால் ஓரமாக நான்கு தென்னம்பிள்ளைகள். கிணற்றடியில் மழை லில்லி ஒரு வரிசை.

ஜனவரி வரை எந்தக் குறையும் இல்லை. அக்டோபரிலிருந்து பூ வந்துகொண்டிருந்தது. ஜனவரிக் கடைசி வாரத்தில் பக்கத்து வயலில் இயந்திரம் வைத்துச் சம்பா அறுத்தார்கள். வழக்கப்படி மேட்டூர் அணை ஜனவரி 28 அன்று மூடப்படும். சில நாளில் வாய்க்காலும் வற்றியது. இந்த இரண்டும் ஒரே வாரத்தில் நடந்ததுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. கதிர் பால் பிடித்து முற்றும் காலத்தில் வயலெலிகளின் இனப்பெருக்கம் உச்சத்தில் இருக்கும். அந்தக் குட்டிகள் வளர்ந்து நிற்கும் நேரத்தில் நெல் போகிறது, மறைவு போகிறது, ஈரமும் போகிறது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் தினமும் தண்ணீர் ஊற்றி மண் மெத்தென்று இருக்கும் ஒரே இடம் இந்தக் கொல்லைதான்.

முதல் இரண்டு வாரம்: தவறாகப் படித்த அறிகுறிகள்

பிப்ரவரி முதல் வாரத்தில் சம்பங்கித் தூர்கள் ஒவ்வொன்றாக வாடின. வெயில் ஏறியதால் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினார்கள். வாட்டம் நிற்கவில்லை. கிழங்கு அழுகலாக இருக்கும் என்று அடுத்து தண்ணீரைக் குறைத்து, வேப்பம்பிண்ணாக்கு வைத்தார்கள். சம்பங்கியில் நூற்புழுவுக்கு வேப்பம்பிண்ணாக்கு நல்லது. இங்கே பிரச்சினை நூற்புழு அல்ல.

பத்தாம் நாள் வாடிய தூர் ஒன்றைப் பிடித்து இழுத்தபோது அது கையோடு வந்துவிட்டது. அடியில் வேரும் இல்லை, கிழங்கும் இல்லை. தண்டின் அடி உளியால் செதுக்கியதுபோல் சாய்வாக வெட்டுப்பட்டு, இரண்டு இணையான பல் தடங்களுடன் இருந்தது. அழுகிய கிழங்கு கொழகொழத்து நாற்றம் அடிக்கும். செதுக்கிய வெட்டு காய்ந்து சுத்தமாக இருக்கும். வாடிய முதல் தூரையே பிடுங்கிப் பார்த்திருந்தால் பத்து நாள் மிஞ்சியிருக்கும். அந்தப் பத்து நாளில் போனவை 22 தூர்கள்.

அடுத்து கடையில் கூண்டுப்பொறி ஒன்று வாங்கி, தக்காளியும் தேங்காய்த் துண்டும் வைத்தார்கள். ஐந்து இரவில் சிக்கியவை இரண்டு வீட்டெலிகளும் ஒரு மூஞ்சூறும். மூஞ்சூறு கொறிக்கும் பிராணியே அல்ல. அது பூச்சி தின்னும், கிழங்கைத் தொடாது, விட்டுவிட வேண்டிய பிராணி. வீட்டெலிகள் சமையலறைக்கு வந்து போகிறவை. கிழங்கு தின்றது கூண்டுக்குள் வரவே இல்லை. புதிய பொருள் எதைக் கண்டாலும் பல நாள் ஒதுங்கிப் போவது எலிகளின் இயல்பு. மண்ணுக்குள்ளேயே இரை கிடைக்கும்போது வெளியில் கிடக்கும் கூண்டுக்குள் நுழைய வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

எந்தப் பிராணி என்று தெரிந்துகொண்டது

கொல்லையில் துளைகள் ஏராளம். எல்லாமே எலி வளை என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். பார்த்தபோது மூன்று வகை இருந்தன.

வாய்க்கால் சரிவில் இருந்தவை வயல் நண்டின் வளைகள். வாயைச் சுற்றி ஈரச் சேறு உருண்டை உருண்டையாக அப்பியிருந்தது. உட்சுவர் வழவழப்பாக இருந்தது, உள்ளே தண்ணீர் தெரிந்தது. வரப்பின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவில் இருந்தவை வயல் சுண்டெலியுடையவை. அது தானியம் தின்னும் சிறிய பிராணி, சம்பங்கிக் கிழங்கை இப்படி அடியோடு காலி செய்யாது.

மூன்றாவது வகை துளையாகவே தெரியவில்லை. பாத்தி ஓரத்திலும் மட்டைக் குவியலை ஒட்டியும் பொலபொலவென்று புதுமண் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு குவியலும் ஒரு சாண் அகலம் இருந்தது. மண்ணைத் தள்ளிவிட்டால் அடியில் 7, 8 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வாய், அதுவும் உள்ளிருந்து மண்ணால் அடைபட்டிருந்தது. இது வரப்பெலியின் அடையாளம். சிறு பெருச்சாளி என்றும் சொல்வார்கள். விலங்கியல் பெயர் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ். அந்தப் பெயரின் முதற்பகுதி தெலுங்கின் 'பந்திகொக்கு', அதாவது பன்றியெலி என்பதிலிருந்து வந்தது. பன்றியைப் போல மண்ணைக் கிளறும், மடக்கினால் மயிரைச் சிலிர்த்து உறுமும். குட்டை மூக்கு, உடலைவிடக் குட்டையான வால், கரும்பழுப்பு நிறம். முழு வளர்ச்சி அடைந்தது கால் கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். வீட்டுச் சுவரின் அடியைத் தோண்டும் பெரிய பெருச்சாளி இதன் உறவு, ஆனால் அது ஒரு கிலோ வரை போகும், வளை வாயும் மிகப் பெரியது.

செம்மண் காட்டிலும் மணற்பாங்கிலும் இதே சேதம் கண்டால் வெள்ளெலியைச் சந்தேகிக்க வேண்டும். அதன் வளைவாய்கள் அடைபடாமல் திறந்தே இருக்கும். இங்கே களிமண் கலந்த வண்டல், அடைபட்ட வாய், புதுமண் குவியல் மூன்றும் சேர்ந்திருந்ததால் ஐயம் எழவில்லை.

கிணற்றடி மழை லில்லி ஒன்றுகூடச் சேதமாகவில்லை. அந்தக் குடும்பத்துக் கிழங்குகளில் லைக்கோரின் என்ற கசப்பான நஞ்சு உண்டு, கொறிக்கும் பிராணிகள் தொடுவதில்லை. சம்பங்கிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வளையைச் சோதித்த முறை, அதில் இருந்த பிழை

எலி வளை உயிருள்ளதா என்று பார்க்க ஊரில் சொல்லும் வழி ஒன்று உண்டு. மாலையில் எல்லா வாயையும் மண்ணால் மூடு, காலையில் எது திறந்திருக்கிறதோ அதில் எலி இருக்கிறது. வெள்ளெலிக்கு இது பொருந்தும். வீட்டு மகன் இதைத்தான் செய்தார். மூன்று நாள் பார்த்தார், எதுவும் திறக்கவில்லை. வளைகள் கைவிடப்பட்டவை, எலி வெளியிலிருந்து வந்து போகிறது என்று முடிவு கட்டினார். அந்த வாரத்திலும் ஒன்பது தூர்கள் போயின.

கிட்டி என்னும் மூங்கில் பொறி வைக்க வந்த பெரியவர் குவியல்களை ஒரு சுற்று பார்த்ததும் அம்மாவிடம் சொன்னது இது: "மூடிக் கெடந்தா ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம்மா. தொறந்து கெடக்கறதுதான் காலி."

வரப்பெலி உள்ளே இருக்கும்போது வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். பாம்பும் தண்ணீரும் புகாமல் இருக்க அதற்கு அது கதவு. ஆகவே சோதனையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். மாலை ஐந்து மணிக்கு 14 குவியல்களிலும் புதுமண்ணைத் தள்ளி, கையளவு ஆழத்துக்கு அடைப்பை எடுத்து வாயைத் திறந்து வைத்தார்கள். ஒவ்வொன்றின் அருகிலும் எண் எழுதிய குச்சி நட்டார்கள். மறுநாள் காலை ஐந்து வாய்கள் மீண்டும் அடைபட்டிருந்தன. மற்ற ஒன்பதும் திறந்தபடியே கிடந்தன.

அந்த ஐந்தும் மூன்று வளைகளைச் சேர்ந்தவை என்று பின்னால் வெட்டிப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு வளையில் பெரும்பாலும் ஒரு பெரிய எலிதான் இருக்கும், குட்டி போட்ட பெண்ணாக இருந்தால் மட்டும் குட்டிகளும் சேர்ந்திருக்கும். மண் குவியல்களை எண்ணி எலிகளை எண்ணிவிட்டதாக நினைப்பது இந்த இனத்தில் பெரிய தவறு.

நஞ்சு வைக்காததற்குக் காரணம்

முதல் யோசனை சிங்க் பாஸ்பைடு என்ற எலி மருந்து. வயலில் அதை 96 பங்கு தானியம், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்து என்று கலந்து, அதற்குமுன் நஞ்சில்லாத இரையை இரண்டு நாள் வைத்துப் பழக்கிவிட்டு வைப்பார்கள். இந்தக் கொல்லையில் அது தவிர்க்கப்பட்டது. வயிற்று அமிலத்தில் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவாகும், அதற்கு முறிமருந்து கிடையாது. நான்கு வயதுக் குழந்தையும் கோழியும் நாயும் நடமாடும் இடத்தில் அதை வைக்க வேண்டும் என்று சொல்லும் எந்த வாதமும் ஏற்கத்தக்கதல்ல. எலியின் பக்கம் பார்த்தாலும் ஒரு சிக்கல் உண்டு. சாகாத அளவு தின்று பிழைத்த எலி அந்த இரையை மறுபடி தொடாது.

புரோமடியலோன் கட்டிகள் பற்றியும் பேச்சு வந்தது. அது இரத்தம் உறையாமல் செய்து சில நாளில் கொல்லும். அந்தச் சில நாளில் தள்ளாடும் எலியை ஆந்தையோ நாயோ பிடித்துத் தின்றால் நஞ்சு அவற்றுக்கும் போகும். கொல்லை மூலையில் இருந்த இலுப்பை மரத்தில் கூகை ஒன்று தங்கியிருந்தது. எலியைத் தினமும் கூலியில்லாமல் பிடிக்கும் பறவையைக் கொல்லும் வழியை எலிக்காகத் தேர்ந்தெடுப்பது பொருளற்றது என்று வீட்டார் சொன்னார்கள். சரியான முடிவு.

வளைக்குள் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பயிற்சி பெற்றவர் அல்லாதவர் கையால் தொடக்கூடாது. குடியிருக்கும் வீட்டின் அருகில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர் ஊற்றி எலியை வெளியேற்றலாம் என்று ஒருவர் சொன்னார். களிமண் பாத்தியில் குடம் குடமாக ஊற்றினால் எலி போவதற்கு முன் மீதிச் சம்பங்கி அழுகிவிடும். ஒலி எழுப்பும் மின்கருவி மண்ணுக்கடியில் இருக்கும் எலியை எட்டாது, அந்த அலை மண்ணை ஊடுருவுவதில்லை.

கிட்டி வைத்ததும் வளை வெட்டியதும்

தஞ்சாவூர்க் கிட்டி என்பது மூங்கிலை வில்போல் வளைத்து நாண் கட்டிய பொறி. இரையை இழுத்ததும் தடைக்குச்சி விடுபட்டு நாண் கழுத்தை இறுக்கும். நொடியில் உயிர் போய்விடும் என்பதால் பசைத்தாளைவிட இது எவ்வளவோ மேல். பசைத்தாளில் எலி மணிக்கணக்கில் துடிக்கும், ஓணானும் அரணையும்கூட ஒட்டிச் சாகும்.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் பத்துக் கிட்டிகள் நான்கு இரவு வைக்கப்பட்டன. எலியொன்றுக்கு இவ்வளவு என்று கூலி. பொழுது சாய்ந்த பிறகு, கோழி அடைந்ததும் வைத்து, விடியுமுன் எடுத்துவிட வேண்டும் என்பது கண்டிப்பான ஏற்பாடு. பகலில் ஒன்றுகூட நிற்கக் கூடாது. உயிருள்ளது என்று உறுதியான ஐந்து வாய்களின் அருகே, வாயிலிருந்து இரண்டடிக்குள், எலி நடந்து தேய்ந்த தடத்தில் வைத்தார்கள். இரை வறுத்த தேங்காயும் கருவாடும். முதல் இரவு நான்கு, இரண்டாம் இரவு இரண்டு, மூன்றாம் இரவு ஒன்றுமில்லை, நான்காம் இரவு ஒன்று. ஏழும் வரப்பெலிகள். மூன்று வளைக்கு இது அதிகம், சில வயலிலிருந்து வந்தவையாக இருக்கலாம். எடை 240 முதல் 300 கிராம். இரண்டு பெண்ணெலிகள் சினையாக இருந்தன. சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதல், ஓர் ஈற்றுக்கு ஆறேழு குட்டிகள். இதனால்தான் ஒரு வாரத் தாமதம்கூடக் கணக்கில் வருகிறது.

பிடிபட்ட எலிகளை வெறுங்கையால் தொடவில்லை. ரப்பர் கையுறை, காலில் பூட்ஸ். எலியின் சிறுநீரிலிருந்து பரவும் எலிக்காய்ச்சல் டெல்டாவில் மழைக்குப் பின் அறிந்த நோய். காலில் புண் இருந்த மகனை ஈரப் பாத்தியில் இறங்க விடவில்லை. உடல்களை இரண்டடிக் குழியில் புதைத்து மேலே பிளீச்சிங் பவுடர் தூவினார்கள்.

பொறி வைத்த பிறகுதான் வளை வெட்டப்பட்டது. முதலில் வெட்டினால் எலி தப்பிவிடும். ஒவ்வொரு வளையிலும் மேற்பரப்புக்கு ஓரிரு விரல் கீழே வரை வந்து நிற்கும் ஒரு தப்பிக்கும் வழி உண்டு. வெட்டும் சத்தம் கேட்டதும் அந்த மெல்லிய மண்ணை முட்டிக்கொண்டு வேறெங்கோ கிளம்பிவிடும். வெட்டிய வளைகளில் பெரியது வரப்பிலிருந்து பாத்திக்கு ஏறத்தாழ 4 மீட்டர் நீளம் வந்திருந்தது. ஆழம் 55 சென்டிமீட்டர். நடுவில் வைக்கோல் விரித்த ஓர் அறை, இன்னோர் அறையில் நெற்கதிர்கள், சக்கரவள்ளித் துண்டுகள், கடிபடாத சம்பங்கிக் கிழங்குகள் பதினொன்று. தின்றது பாதி, சேர்த்து வைத்தது பாதி.

வெட்டிய வளையை அப்படியே மண் தள்ளி மூடவில்லை. முழு நீளத்துக்கும் தோண்டி, மண்ணைக் கட்டியில்லாமல் உடைத்து, மிதித்து இறுக்கினார்கள். காலியான வளை அடுத்த எலிக்குக் கட்டிய வீடு, வாடகையில்லாமல் குடிவரும். மட்டைக் குவியலை அகற்றி, பக்கத்து வயல்காரரிடம் பேசி, வரப்பை 45 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைத்தார்கள். அவ்வளவு ஒடுங்கிய வரப்பில் இந்த எலிக்கு அறை தோண்ட இடம் போதாது. அவர் மறுக்காமல் ஒப்புக்கொண்டது இந்த நிகழ்வின் பெரிய நல்வாய்ப்பு.

ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அடைபட்ட வாய் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் வாரம் புதிதாக ஒன்று தெரிந்தது. பிடிப்பதை நிறுத்தினால் வயலிலிருந்து வந்துகொண்டே இருக்கும், கிழங்குக்கு நிலையான தடுப்பு வேண்டும் என்பது அப்போது தெளிவானது.

எஞ்சிய கிழங்குகள்

மார்ச் கடைசியில் உயிரோடு இருந்தவை 31 தூர்கள். தென்னம்பிள்ளைகளில் ஒன்றின் கழுத்துப் பகுதி கடிபட்டு, குருத்து சாய்ந்து பட்டுப்போயிற்று. சக்கரவள்ளியில் கிடைத்தது ஒரு கூடைகூட நிறையவில்லை.

தூர்களைப் பெயர்த்து, மண் உதிர்த்து, நிழலில் பரப்பி உலர்த்தினார்கள். 1.5 முதல் 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிழங்குகளில் 90 பொறுக்கி, காற்றோட்டமான திண்ணையில் மணல்மேல் வைத்து, வாரம் ஒருமுறை புரட்டிவிட்டார்கள். அங்கேயும் வீட்டெலி வரும் என்பதால் மேலே கம்பி வலை கவிழ்த்தார்கள்.

கம்பிக் கூடைப் பாத்தி

முதலில் வாங்கியது கோழி வலை. அறுகோணக் கண், மெல்லிய கம்பி. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதே நல்ல ஆலோசனை. கண் பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கும், குட்டியெலி தாராளமாக நுழையும், கம்பியும் மண்ணில் ஓரிரு ஆண்டில் துருப்பிடித்து அறும். தேவை, அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள பற்றவைத்த ஜி.ஐ. (துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு) வலை, கம்பித் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல். பற்றவைத்த பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த வலை என்றால் இணைப்புகளிலும் பூச்சு இருக்கும், ஆயுள் கூடும். சம்பங்கி வேர் அரை அங்குலக் கண் வழியே தடையில்லாமல் கீழே போகும். கூடைக்கு வெளியே போன வேரை எலி கடித்தாலும் கிழங்கு பிழைத்துக்கொள்ளும்.

10 அடிக்கு 3 அடிப் பாத்திக்கு 4 அடி அகலச் சுருள் வாங்குவது வசதி. அடிப்பகுதிக்கு 11 அடி நீளம் வெட்டி, நான்கு பக்கமும் அரை அடி மேலே மடித்தால் 10க்கு 3 அடி அடித்தளமும் சுற்றிலும் அரை அடி எழும்பிய ஓரமும் கிடைக்கும். மூலையில் வலையை வெட்டி எறியாமல், ஒரு பக்கம் கீறி மற்றதன்மேல் மடக்க வேண்டும். பக்கச் சுவருக்கு 13½ அடி வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 2 அடி உயரத்தில் 27 அடி கிடைக்கும். சுற்றளவு 26 அடி, இணைப்பில் ஒன்றன்மேல் ஒன்று படிய ஓரடி மிஞ்சும். இணைப்பு இரண்டு இடத்தில் வருவதால் ஓர் இடத்துக்கு அரை அடி. ஆக ஒரு பாத்திக்கு 24½ அடி. தகரம் வெட்டும் கத்தரியும் கட்டுக்கம்பியும் போதும். வெட்டு முனைகளில் துத்தநாக வண்ணம் பூசினார்கள், துரு எப்போதும் அங்கேதான் தொடங்கும்.

ஓரடி ஆழம் மண் எடுத்து, அடியை மிதித்து இறுக்கி, வலையை விரித்துச் சுவரை நிறுத்தினார்கள். எழும்பிய அரை அடி ஓரத்தின் வெளிப்பக்கம் சுவர் படிய, கையகல இடைவெளிக்கு ஒரு கட்டு. பிறகு எடுத்த மண்ணில் மணலும் மக்கிய எருவும் கலந்து, தரைமட்டத்துக்கு மேல் அரை அடி உயரும் வரை நிரப்பினார்கள். அக்டோபர் மழையில் சம்பங்கிக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதால் மேட்டுப்பாத்தி. அடியிலிருந்து மண்மட்டம் வரை 1½ அடி, அதற்கு மேல் அரை அடி வலை விளிம்பு. விளிம்பின் மேல் 2 அங்குலம் வெளிப்புறம் மடிக்கப்பட்டது. வரப்பெலி நன்றாகத் தோண்டும், நீந்தும், மரமேறுவதில் மட்டும் வீட்டெலிக்கு ஈடில்லை. இரண்டு பாத்திக்கும் இருவர் ஒன்றரை நாள் வேலை செய்தார்கள்.

தென்னம்பிள்ளைக்கு அடி மூடிய கூடை கூடாது. அதன் வேர் தடித்துப் பரவும். ஓரடி மண்ணுக்குள்ளும் அரை அடி மேலேயுமாக, ஒன்றரை அடி விட்டத்தில் வளையம் மட்டும் நட்டார்கள். வேர் முட்டத் தொடங்குமுன், இரண்டு மூன்று ஆண்டில் அதை எடுத்துவிட வேண்டும்.

அடுத்த பருவத்தில் நடந்தது

ஜூலையில் மறுபடி 90 கிழங்குகள். கிழக்குப் பாத்தியில் 44, மேற்குப் பாத்தியில் 43 முளைத்தன. சக்கரவள்ளிக்கு வலை போடவில்லை. செலவு ஒரு காரணம், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது மற்றொன்று.

நவம்பர் மழையில் நிரப்பிய மண் மூன்று விரல் அமிழ்ந்தது. வடிகால் நன்றாக இருந்ததால் அழுகல் இல்லை. டிசம்பரில் களையெடுத்த மண்ணையும் தேங்காய் மட்டையையும் மேற்குப் பாத்தியின் வெளிப்பக்கம் ஒதுக்கி வைத்தார்கள். அது மெல்ல உயர்ந்து வலை விளிம்பைத் தொட்டது. யாரும் கவனிக்கவில்லை.

பிப்ரவரியில் அறுவடை முடிந்த ஆறாம் நாள் அந்தப் பக்கமே முதல் புதுமண் குவியல் தோன்றியது. இம்முறை வாடிய முதல் தூரையே பிடுங்கிப் பார்த்தார்கள். நான்கு தூர்கள் போயிருந்தன, நான்கும் தென்மேற்கு மூலையில். தோண்டிப் பார்த்ததில் இரண்டு வழிகள் தெரிந்தன. ஒதுக்கிய மண் பாலமாகி விளிம்பைத் தாண்டவிட்டது ஒன்று. மற்றது, அந்த மூலையில் வலை ஒன்றன்மேல் ஒன்று ஓர் அங்குலமே படிந்திருந்தது. மண் அமிழ்ந்தபோது கட்டு நெகிழ்ந்து இரண்டு விரல் இடைவெளி விழுந்திருந்தது. குட்டியெலிக்கு அது போதும். மூலையில் ஓரடித் துண்டு வலையை இரட்டையாக வைத்துக் கட்டி, வெளிமண்ணைச் சுற்றிலும் ஒரு முழம் தள்ளி அள்ளினார்கள். மூன்று இரவு கிட்டி வைத்ததில் மூன்று எலிகளும் ஒரு மூஞ்சூறும் சிக்கின. மூஞ்சூறு செத்தது வருத்தத்துக்குரியது. கருவாடு வைத்தால் அந்த இடர் இருக்கவே செய்யும்.

மார்ச் முடிவில் கிழக்குப் பாத்தியில் முளைத்த 44 தூர்களும் இருந்தன. மேற்கில் 43க்கு 39. முந்தைய ஆண்டு இதே நேரம் 90க்கு 31. வலையில்லாத சக்கரவள்ளியில் பாதிக்கு மேல் கடிபட்டது. தென்னம்பிள்ளைகள் மூன்றும் நலம்.

கொல்லை நடுவில் 12 அடி உயரத்தில் டி வடிவப் பறவை தாங்கி ஒன்றும் நட்டிருந்தார்கள். அடியில் ஆந்தை உமிழ்ந்த உருண்டைகளில் எலி மண்டையோடும் பற்களும் கிடைத்தன. ஆந்தை வந்தது உறுதி. சேதம் குறைந்ததில் அதன் பங்கு எவ்வளவு என்று இந்த ஒரு கொல்லையை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது, வரப்பு ஒடுங்கியதும் வலை வந்ததும் அதே ஆண்டுதான்.

மாற்ற வேண்டியவை

சக்கரவள்ளிக்கு வலை போடுவதைவிட நாளை மாற்றுவது மலிவு. நான்கு மாதப் பயிரைச் செப்டம்பர் தொடக்கத்தில் நட்டால், பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் இறங்குமுன் பொங்கலையொட்டித் தோண்டிவிடலாம். மூன்றாம் ஆண்டுக்கு அப்படித்தான் திட்டம்.

வளைச் சோதனையும் கிட்டியும் சேதம் தெரிந்த பிறகு தொடங்கியவை. அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே குவியல்களைத் திறந்து பார்த்து, உள்ளூர் எலிகளை முதலில் குறைத்திருக்க வேண்டும். பக்கத்து வயல்காரர் அறுவடை நாளை முன்கூட்டியே சொல்வதாக ஏற்றிருக்கிறார்.

மூலைகளில் அரை அடிக்குக் குறையாமல் வலை படிய வேண்டும், கட்டுகள் மூலையில் இரு மடங்கு. டிசம்பர் கடைசியில் ஒருமுறை பாத்தியைச் சுற்றி நடந்து, வெளிமண்ணிலிருந்து விளிம்பு ஒரு சாண் உயரம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மண்ணும் மட்டையும் ஒதுக்க வேறு இடம் கிழக்கு வேலியோரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அடிவலையின் நிலை இன்னும் பார்க்கப்படவில்லை. சம்பங்கியைப் பெயர்க்காமல் மூன்று ஆண்டு வரை மறுதாம்பாக விடலாம் என்பதால், கிழங்கைப் பெயர்க்கும்போதுதான் அடி தெரியும். மூலை பழுது பார்த்தபோது எடுத்த துண்டில் பூச்சு பெரும்பாலும் நின்றிருந்தது, வண்ணம் பூசத் தவறிய இரண்டு வெட்டு முனைகளில் மட்டும் செந்துரு ஏறியிருந்தது.